ஒற்றைக் காரும் மலைச் சாலையும்

(உதகமண்டலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சின் நடுவே வந்த கிளைக்கதைகளைக் குறைத்திருக்கிறேன்; திரையில் காட்டிய படங்களுக்குப் பதிலாகச் சில வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)



இந்த மலையில் நடக்கும் சொற்பொழிவுகளில் சோலைக்காடுகளைப் பற்றிப் பேசுவார்கள், தோடர், படகர் வாழ்வைப் பற்றிப் பேசுவார்கள், பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேசுவார்கள். இத்தாலியில் ஒன்றே ஒன்றாகக் கட்டி அரங்கில் நிறுத்திய காட்சிக் கார்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் எழுதி அனுப்பியபோது, “ஐயா, அதற்கும் நீலகிரிக்கும் ஏதாவது சம்பந்தம் வருமல்லவா?” என்று அமைப்பாளர்கள் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். வரும். சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலை வழியாக வரும். அந்தத் தொழிற்சாலையில் தயாரான இரண்டு கார்களின் உருவத்துக்கு மூலம், டூரின் நகரத்துப் பட்டறைகளில் ஒற்றையாகச் செய்த கார்கள். ஒன்று பதினைந்து ஆண்டுக்கு மேல் நம் ஊரில் ஓடியது. மற்றது வந்த வேகத்தில் போய்விட்டது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் உருவம் மட்டும் தனியாக ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பதில்லை. எந்தச் சட்டகத்தை, எந்தச் சக்கரத்தை, எந்தச் சாலையை மனதில் வைத்து அதை வரைந்தார்களோ, அவற்றில் பாதியாவது கூட வர வேண்டும். காட்சி அரங்கின் விளக்கொளியில் இது தெரியாது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தெரிந்துவிடும்.

1. பட்டறையும் அதன் பசியும்

கார்த் தொழில் தொடங்கிய காலத்தில் கம்பெனி விற்றது எஞ்சினும் சக்கரமும் பூட்டிய வெறும் சேசிஸை. வாங்கியவர் அதைப் பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய் மேலுடல் கட்டிக்கொள்வார். குதிரை வண்டி செய்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தப் பட்டறைகளைத் தொடங்கினார்கள். சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியும் இந்த வழியில் வந்ததுதான். இத்தாலியில் டூரினும் மிலானும் இந்தத் தொழிலின் தலைநகரங்கள். பெர்டோனே 1912-இல், ஸகாட்டோ 1919-இல், டூரிங் 1926-இல், பினின் ஃபரீனா 1930-இல், விஞாலே 1948-இல் கடை திறந்தார்கள்.

வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் காரின் முழு அளவிலேயே பக்கவாட்டுப் படம் வரைவார்கள். அதை வைத்து மரத்தில் ஒரு கூடு செய்வார்கள். தகடு அடிப்பவர் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேலும் மரக்கட்டையின் மேலும் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்து, கூட்டின் மேல் பொருத்திப் பார்த்து, மறுபடி தட்டுவார். பிறகு துண்டுகளை வெல்டிங் வைத்துச் சேர்ப்பார்கள். இதெல்லாம் ஏதோ தூரத்துக் கதை என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம். தலையில் ஹெல்மெட், கண்ணில் கண்ணாடி, முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, கூரையில்லாத லேலண்ட் சேசிஸை ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது கரூருக்குப் போகிறது. அங்கே பாடி கட்டுகிறார்கள். காருக்கு முடிந்துபோன அந்தத் தொழில் பேருந்துக்கும் லாரிக்கும் நம் கரூரிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காருக்கு ஏன் முடிந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் தனிச் சட்டகத்தைக் கைவிட்டன. தரைத்தகடு, தூண், கூரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாக நின்று பாரத்தைத் தாங்கும் முறை வந்தது. நம் ஊரில் பிரீமியர் பத்மினியாக ஓடிய ஃபியட் 1100-இன் மூல வண்டி 1953-இல் வந்தபோதே இந்த முறையில்தான் வந்தது. அதன் மேலுடலைக் கழற்றினால் கீழே வண்டி என்று எதுவும் மிஞ்சாது. வேறு பாடி கட்ட எங்கே இடம்?

இந்தப் பசியிலிருந்து பிறந்ததுதான் ஒற்றைக் கார். டூரின், ஜெனிவா, பாரிஸ் கண்காட்சிகளில் ஒரு பட்டறை தன் கைவரிசையைக் காட்ட ஒரே ஒரு காரைக் கட்டி நிறுத்தும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்காக அல்ல, பெரிய கம்பெனியின் தலைமைப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. அது தகட்டில் எழுதிய டெண்டர். கலைப்பொருள் என்று இன்று அருங்காட்சியகங்கள் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கட்டியவர்கள் அடுத்த மாதச் சம்பளத்தை நினைத்துத்தான் கட்டினார்கள்.

2. அரங்கத்தில் நின்றவை

பேர்பெற்ற சிலவற்றை விரைவாகப் பார்ப்போம். 1953, 54, 55 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பெர்டோனே பட்டறைக்காக ஃபிராங்கோ ஸ்காலியோனே ஆல்ஃபா ரோமியோ 1900 சட்டகத்தின் மேல் மூன்று கார்களை வரைந்தார். பேட் 5, பேட் 7, பேட் 9 என்று பெயர். பின்பக்கம் வௌவாலின் சிறகுபோல உள்நோக்கி வளைந்திருக்கும். கணினி இல்லாத காலம். பேட் 7-இன் காற்றுத்தடை எண் 0.19 என்று சொல்லப்படுகிறது. இன்று கோடிக்கணக்கில் செலவழித்து உருவாக்கும் மின்கார்களில் மிகச் சிறந்தவையே 0.20-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன. 2020-இல் அந்த மூன்று வண்டிகளும் சேர்ந்து ஒரே ஏலத்தில் 1.48 கோடி டாலருக்குப் போயின. விலை போயிற்று, வம்சம் பெருகவில்லை.

1970-இல் பெர்டோனே காட்டிய லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஜீரோவின் உயரம் 84 செ.மீ. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் தெரியும். கதவு கிடையாது, முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். நூச்சோ பெர்டோனே அதை ஓட்டிக்கொண்டு லான்சியா தொழிற்சாலைக்குப் போனபோது வாசலில் இருந்த தடுப்புக் கட்டையைத் தூக்கும்வரை காத்திருக்கவில்லை, அடியிலேயே நுழைந்து போனார். அந்தச் சந்திப்பிலிருந்து வந்தது ஸ்ட்ராட்டோஸ் ஹெச்.எஃப். 1974, 75, 76 மூன்று ஆண்டும் உலக ராலி பட்டம் அதற்குத்தான். ஜீரோவையும் ஹெச்.எஃப்-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல் தகட்டில் ஒரு வளைவுகூட ஒன்றல்ல. கடத்தப்பட்டது அடியில் இருந்த ஏற்பாடு: ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே மிகக் குறுகிய தூரம். மலைப்பாதை ராலிக்கு வேண்டியது அதுதான். எலும்பு போயிற்று, தோல் அரங்கிலேயே நின்றுவிட்டது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம். அமெரிக்காவின் லிங்கன் கம்பெனிக்காக டூரினில் கியா பட்டறை 1955-இல் கட்டிக் கொடுத்த ஃப்யூச்சுரா. இரண்டரை லட்சம் டாலர் செலவு. கூரையாக ஒளிபுகும் குமிழ்கள் இரண்டு, பின்னால் நீண்ட செதில்கள். தொழிற்சாலையில் அதற்கு வாரிசு இல்லை. ஜார்ஜ் பாரிஸ் என்பவர் கைக்கு அது பிறகு வந்தது. கறுப்பு வண்ணம் பூசி 1966-இல் தொலைக்காட்சியின் பேட்மேன் காராக மாற்றினார். தோல் மட்டும் பிழைக்க வேண்டுமானால் தொலைக்காட்சி நல்ல இடம். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கியா கட்டிய இன்னொரு ஒற்றைக் கார், கிரைஸ்லர் நார்ஸ்மன், அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது 1956 ஜூலையில் ஆந்திரேயா டோரியா கப்பலோடு மூழ்கிவிட்டது. அதைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்ல முடியாது.

3. மிக்கெலோட்டியின் கோடு

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

1950-களின் நடுவில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனிக்கு ஒரு புதுச் சிறிய கார் வேண்டியிருந்தது. சொந்த வரைவாளர்கள் போட்ட உருவங்கள் எதுவும் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டருக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சமயம் ரேமண்ட் ஃபிளவர் என்பவர், ஸ்டாண்டர்டின் பாகங்களை வாங்கித் தன் சிறு காரைச் செய்ய விரும்பி வந்தார். இரண்டு மூன்று மாதத்தில் முழு மாதிரி வண்டியே செய்துவிடலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு கவென்ட்ரியில் சிரித்தார்கள். யார் செய்து தருகிறார் என்று துருவிப் பார்த்தபோது வந்த பெயர் ஜோவானி மிக்கெலோட்டி. 1921-இல் டூரினில் பிறந்தவர். பதின்பருவத்தில் பாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு தனியாக வரைபலகை போட்டு, பல பட்டறைகளுக்கு வரைந்து கொடுத்தவர். அவர் வரைந்த கார்களில் பல வேறு யாருடைய முத்திரையோடோதான் வெளிவந்தன.

வெப்ஸ்டர் டூரினுக்குப் போனார். மிக்கெலோட்டி வரைந்தார். விஞாலே பட்டறை தகட்டை அடித்துக் கட்டியது. 1957 கிறிஸ்துமஸ் வேளையில் ஒரு சின்ன கூபே கார் கவென்ட்ரிக்கு வந்து சேர்ந்தது. ஒற்றைக் கார். அந்த ஒன்றிலிருந்துதான் 1959 ஏப்ரலில், ஸ்டாண்டர்டின் டிரையம்ஃப் முத்திரையோடு, ஹெரால்டு கார் வெளிவந்தது.

ஆனால் அந்த ஒற்றைக் காருக்கு அடியில் என்ன இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1953-இல் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பெரிய உடல் தயாரிப்புக் கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. கூடாக நிற்கும் புதுவகை உடலை மொத்தமாக அச்சடித்துத் தர ஸ்டாண்டர்டுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் அவர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள்: தனிச் சட்டகம், அதன் மேல் போல்ட் போட்டுப் பூட்டும் தனித்தனி உடல் பாகங்கள். முன்மூக்கு ஓர் இடத்தில், பின்தொட்டி இன்னோர் இடத்தில் என்று ஆளுக்கொரு பாகமாகச் செய்து வாங்கிப் பூட்டினார்கள். இதை அன்றைய பத்திரிகைகள் பின்தங்கிய முறை என்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. பட்டறைக்காரரான மிக்கெலோட்டிக்குப் பழக்கமான நிலம் அது. கூரையைக் கழற்றினால் திறந்த கார். பின்பக்கத்தை நீட்டினால் எஸ்டேட் கார். ஒரே கோட்டை வைத்து அத்தனையும் வரைய அவரால் முடிந்தது.

இனி இந்தக் காரை நம் குன்னூர்க் காட் ரோட்டில் வைத்துப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரம். குன்னூர் 1,850. இடையில் பர்லியார், கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசிகள். எஸ்டேட்டுகளுக்குள் போகும் சாலைகள் இதைவிடக் குறுகல்.

ஹெரால்டின் முன்சக்கரம் மற்ற கார்களைவிட மிக அதிகமாகத் திரும்பும். சுமார் 25 அடி விட்டத்துக்குள், அதாவது ஏறக்குறைய ஏழரை மீட்டருக்குள் முழு வட்டம் போட்டுவிடும். லண்டன் டாக்சிக்குத்தான் அப்படி ஒரு திருப்பம் உண்டு. அம்பாசடரை ஒடித்து, பின்னுக்கு எடுத்து, கல் வைத்து, மறுபடி ஒடிக்கிற தேயிலைத் தோட்டத்து வளைவில் ஹெரால்டு ஒரே ஒடிப்பில் வந்துவிடும். சக்கரம் அவ்வளவு திரும்ப வேண்டுமானால் அதற்கு மேலுடலில் இடம் வேண்டும். அந்த இடம் மிக்கெலோட்டியின் கோட்டில் இருக்கிறது. முன்மட்காட்டும் பானெட்டும் ஒரே துண்டு; முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சினும் ஸ்டியரிங்கும் முன் சஸ்பென்ஷனும் அப்படியே வெளியே. டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பர்லியாரில் ரேடியேட்டர் கொதித்து வண்டியை ஓரங்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொன்று, நான் ஓட்டிப் பார்த்து உணர்ந்தது. ஹெரால்டின் முன்விளக்குகள் இரண்டு மூலைகளிலும் இமை வைத்ததுபோல் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றின் மேல்விளிம்பு ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும். எதிரே லாரி வந்து, பாறையோரம் ஒதுங்கும்போது, வண்டியின் மூலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிவது பெரிய தைரியம். தூண்கள் மெல்லியவை, நான்கு பக்கமும் கண்ணாடி. அழகுக்காகப் போட்ட கோடு என்று தோன்றும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையும் செய்கிறது.

குறையும் உண்டு. 948 சி.சி. எஞ்சின், 40-க்கும் குறைவான குதிரைத் திறன். இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பின்சக்கர அச்சு இன்னும் வம்பு. இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக ஊசலாடும் வகை. வளைவில் வேகமாக இறங்கி, சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டியின் பின்பக்கம் எழும்பும். சமவெளியில் இது பத்திரிகை விமர்சனத்தில் ஒரு பத்தி. நம் மலையில் அதற்கு விலை அதிகம்.

4. வண்டலூரின் கை

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல், யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் கவென்ட்ரியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. வேன்கார்டு, டென், பென்னன்ட் என்று வந்து, 1961-இல் ஹெரால்டு இங்கே தயாராகத் தொடங்கியது. டிரையம்ஃப் என்ற பெயரை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. நாடு முழுவதும் அன்று கார் என்றால் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்றுதான்.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவு. நம் குடும்பங்களுக்கு அது ஒத்துவரவில்லை. முன்சீட்டை மடக்கி, புடவை கட்டிய பாட்டியைப் பின்னால் ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அறுபதுகளின் இறுதியில் சென்னைக்காரர்கள் மார்க் 3 ஹெரால்டில் நான்கு கதவு வைத்தார்கள். உலகத்தில் வேறெங்கும் நான்கு கதவு ஹெரால்டு தயாராகவில்லை. அடியில் சட்டகம் தனியாகப் பாரத்தைச் சுமந்ததால்தான் இது முடிந்தது. ஃபியட் போன்ற கூட்டு உடலில் பக்கவாட்டைக் கத்தரித்துக் கதவு வைப்பது புதுக் கார் செய்வதற்குச் சமம்.

பிறகு 1972-இல் கேஸல். முன் கிரில்லும் பின்பக்கமும் மாறின. அதைவிட முக்கியம், ஊசலாடும் பின்அச்சை எடுத்துவிட்டு, நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான ஒரே தண்டு அச்சை வைத்தார்கள். மோசமான சாலைகள் அந்த ஊசல் அச்சைப் படுத்திய பாடு அப்படி. 1977 வரை கேஸல் வந்தது.

கேஸல் அழகா என்று கேட்டால், இல்லை. மிக்கெலோட்டியின் கோட்டில் ஒரு துள்ளல் இருந்தது; நான்கு கதவு வைத்தபோது அது கொஞ்சம் தளர்ந்தது, கேஸலில் இன்னும் தளர்ந்தது. ஆனால் காட்சிக்கு வைத்த காரைவிட, மூன்று ஊர்க் கைகள் பட்டு மாறிய இந்தக் காரைத்தான் வடிவமைப்பு வரலாற்றில் முக்கியம் என்று நான் சொல்வேன். மாற்றத்தைத் தாங்கிற்று. டூரினில் வரைந்ததை கவென்ட்ரி தன் வசதிக்கு மாற்றியது, வண்டலூர் தன் வசதிக்கு மாற்றியது, ஒவ்வொரு முறையும் அது ஹெரால்டாகவே இருந்தது.

5. காற்றுக்காக வரைந்த கார்

இரண்டாவது கார் வேறு கதை. 1967 டூரின் கண்காட்சியில் பினின்ஃபரீனா ஓர் ஒற்றைக் காரைக் காட்டியது. பி.எம்.சி. 1800 காரின் பாகங்கள் மேல் கட்டிய ‘பெர்லினா ஏரோடைனமிக்கா’. வரைந்தவர் லியோனார்டோ ஃபியொரவாந்தி. ஃபெராரி டேடோனாவை வரைந்த அதே கை. தாழ்ந்த மூக்கு, நீண்டு சரியும் முதுகு, செங்குத்தாக வெட்டிய பின்பக்கம். குடும்பக் காரை இப்படி வரைவது அன்று அரிது. பி.எம்.சி. அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கண் வைத்தார்கள்; சில ஆண்டில் சித்ரோன் கார்களில் அந்தச் சாயல் வந்தது.

அதே சாயல், டேடோனாவின் சாயலும் கலந்து, 1976-இல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1-இல் வந்தது. வரைந்தவர் டேவிட் பேச். உள்ளே 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 155 குதிரைத் திறன். நெடுஞ்சாலையில் மணிக்கு 180 கி.மீ. போகிற காருக்கு அந்த மூக்கும் முதுகும் உண்மையிலேயே வேலை செய்தன. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பது இங்கே இருக்கும் இயற்பியல் மாணவர்களுக்குத் தெரியும். 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது.

1985-இல் அந்த உடல் வண்டலூருக்கு வந்தது. பெயர் ஸ்டாண்டர்ட் 2000. வி8 வரவில்லை. பானெட்டைத் திறந்தால் உள்ளே 1991 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். பழைய வேன்கார்டு காரின் வம்சம். 1940-களில் ஃபெர்குசன் டிராக்டரோடு கூடப்பிறந்த எஞ்சின் அது. சுமார் 80 குதிரைத் திறனை வைத்து 1,300 கிலோ வாக்கில் எடையுள்ள உடலை இழுக்க வேண்டும். நம் சாலைக்காகத் தரையிலிருந்து வண்டியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். தாழ்ந்து பாய்வதற்காக வரைந்த உருவத்தை உயர்த்தினால் என்ன ஆகும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டு போட்டதுபோல் இருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்ட ஸ்டாண்டர்ட் 2000 ஒன்றை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஏற்றத்தில் 30, 35-க்கு மேல் போகாது. அந்த வேகத்தில் காற்றுத்தடை ஒரு பொருட்டே இல்லை. ஆக, ஃபியொரவாந்தி போட்ட கோட்டுக்கு இந்த மலையில் வேலையே இல்லை. அதன் எடைக்கும் நீளத்துக்கும் மட்டும் கூலி கொடுக்க வேண்டும். சரிந்து போகும் மூக்கின் நுனி ஓட்டுநருக்குத் தெரியாது. பாறையோரம் ஒதுங்குவது குருட்டு வேலை. குன்னூர் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் தன் திறனில் ஆறில் ஒரு பங்கை மெல்லிய காற்றிடம் இழந்திருக்கும்.

சமவெளியிலும் அது பிழைக்கவில்லை. மாருதி 800 வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. பெட்ரோல் குடிக்கும் பெரிய காருக்கு, அதுவும் அந்த விலைக்கு, ஆள் குறைவு. 1988-இல் தயாரிப்பு நின்றது. அந்தக் கம்பெனியின் கார்க் கதையும் அதோடு முடிந்தது. தொழில் உறவுகள், பணம், அரசின் உரிமக் கொள்கை என்று வேறு காரணங்களும் உண்டு. உருவம் ஒன்றால்தான் கம்பெனி மூழ்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1967-இல் அரங்கில் கைதட்டல் வாங்கிய அதே கோடு இங்கே ஏன் ஒட்டவில்லை என்பதற்கு என்னிடம் உள்ள விடை இதுதான்: தோல் வந்தது, எலும்பு வரவில்லை.

இந்த மலையிலேயே இதற்கு ஒரு மறுசாட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. நம் மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் வடிவம் பெற்றது. பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது, 2011 தொடங்கித் திருச்சி பொன்மலைப் பணிமனை புதியவற்றைக் கட்டியது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்க மாற்றினார்கள். உருவத்தில் கை வைக்கவில்லை. வைக்க முடியாது: அந்த இரட்டைச் சிலிண்டர் அடுக்கு, நடுத்தண்டவாளத்தின் பல்லைப் பிடித்து ஏறும் பற்சக்கரத்துக்காக வந்தது. பார்க்கிறவர்கள் அழகு என்று படம் எடுப்பது அந்தப் பற்சக்கரத்தின் தேவையைத்தான்.

6. மின்காரும் பழைய சட்டகமும்

டூரினின் மற்ற வாரிசுகளை ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜுஜாரோ 1968-இல் தொடங்கிய இத்தால்டிசைன், 1978-இல் லான்சியா மெகாகாமா என்ற உயரமான ஒற்றைக் காரைக் காட்டியது. உட்காரும் இருக்கையை உயர்த்தினால் சிறிய காரிலும் இடம் கிடைக்கும் என்ற அந்த எண்ணம் ஃபியட் ஊனோவில் வந்தது, ஊனோ நம் ஊருக்கும் வந்தது. ஃபியட்டுக்காக அவர் செய்து ஃபியட் வேண்டாம் என்ற லூச்சோலா, 1998-இல் டேவூ மாட்டிஸாகி, இங்கேயும் வந்து ஓடிற்று. டாடா இண்டிகாவின் உருவத்திலும் டூரினின் ஐடியா நிறுவனத்துக்குப் பங்குண்டு. இவையெல்லாம் தேறின. உட்காரும் உயரம், கதவின் அளவு என்று மனித உடம்பிலிருந்து தொடங்கிய கோடுகள் அவை. மனித உடம்பு எல்லா ஊரிலும் உண்டு.

டூரின் பட்டறைகளோ ஒவ்வொன்றாகக் கைமாறின. விஞாலே தன் பட்டறையை விற்ற சில நாட்களில் 1969-இல் கார் விபத்தில் இறந்தார். கியா ஃபோர்டு கைக்குப் போயிற்று. பெர்டோனே 2014-இல் திவாலாயிற்று. 2015 டிசம்பரில் பினின்ஃபரீனாவை மகிந்திரா குழுமம் வாங்குவதாக அறிவித்தது. வண்டலூரிலிருந்து அதே ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு நோக்கிப் போனால் மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் வரும். ஸ்டாண்டர்ட் 2000-இன் உருவத்துக்கு மூலமான பட்டறையின் முதலாளி, அந்தக் கார் தயாரான சாலையிலேயே இன்று ஆய்வு மையம் வைத்திருக்கிறார்.

இதில் எனக்கு ஆர்வமூட்டுவது முதலாளி மாறியது அல்ல. மின்காரில் பேட்டரி தரையோடு தரையாகத் தட்டையாக அமர்கிறது. மோட்டார் அச்சிலேயே இருக்கிறது. ஒரே அடித்தளத்தின் மேல் வேறு வேறு மேலுடல்களை அமைப்பது மறுபடியும் எளிதாகி வருகிறது. ஹெரால்டுக்கு இருந்த சுதந்திரத்தில் ஒரு பகுதி திரும்பி வருகிறது என்று நான் கணிக்கிறேன். அப்படியானால் மலைக்கென்று ஒரு காரை வரைய முடியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் 1,500 மீட்டர் இறக்கம். 1,600 கிலோ எடையுள்ள மின்கார் அந்த இறக்கத்தில் விடும் ஆற்றல் ஆறரை யூனிட் மின்சாரம். இன்றுவரை அதை பிரேக் டிரம்மில் சூடாக எரித்திருக்கிறோம். எரிந்த வாடையைக் கல்லாறில் நீங்கள் முகர்ந்திருப்பீர்கள். அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பும் என்றால், பேட்டரி எவ்வளவு சிறியதாக இருக்கலாம், எடை எவ்வளவு குறையலாம், சக்கரத்தை எவ்வளவு ஒடிக்கலாம், முன்மூலையை ஓட்டுநர் கண்ணுக்கு எப்படிக் காட்டலாம் என்ற கேள்விகளிலிருந்து ஒரு மாணவர் வரையத் தொடங்கலாம். கணக்கைப் போட்டுவிட்டு வந்து என்னைப் பாருங்கள். கோட்டைப் பிறகு பேசுவோம்.